மொரிஷியஸில் கல்யாண நாள்: சொந்தங்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிறந்து, மொரிஷியஸ் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு, ரோஸ் ஹில் நகரில் பத்தொன்பது ஆண்டுகளாக வசித்து வருகிறேன். ஊரிலிருந்து எந்தத் தம்பதி கல்யாண நாளுக்கு இங்கே வர எண்ணினாலும், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்துவிடும். கேட்கும் குரல்கள் வேறு வேறு; கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் சொன்னவற்றைச் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"மதினி, மொரிஷியஸ் என்றாலே தேனிலவுக்குப் போகிற ஊர்தானே? இருபத்தைந்து வருஷம் கழித்து எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?"

வெள்ளை மணலையும் நீலக் கடலையும் மட்டுமே விளம்பரங்களில் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. கடல் அழகானது என்பதில் ஐயமில்லை. தீவின் பெரும்பகுதியைச் சுற்றிப் பவளப் பாறை அரணாக நிற்பதால் கரையோரத் தண்ணீர் குளம்போல் அமைதியாக இருக்கும். ஆனால் அது இரண்டு நாளில் பழகிவிடும். அதற்குப் பிறகு, சேர்ந்து வாழ்ந்து பழகிய இருவருக்கு இந்தத் தீவு தருவது வேறொன்று: நம் மொழியும் நம் அடுக்களையும் கடல் கடந்து வந்து முந்நூறு ஆண்டுகளில் என்னவாயின என்பதை நேரில் காணும் வாய்ப்பு.

முருங்கைக்கீரையை இங்கே "ப்ரேத் முரும்" என்பார்கள். கறிவேப்பிலை "காரிப்புலே", கொத்தமல்லி "கொத்தொமிலி", பீர்க்கங்காய் "பிப்பங்காய்". சந்தையில் இந்தப் பெயர்களைக் கூவி விற்பவர் சீன வம்சாவளியினராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்கலாம். அவருக்கு அவை க்ரியோல் என்னும் இந்த ஊர்ப் பேச்சுமொழியின் சொற்கள். இந்த ஊரின் சரித்திரத்தையும் சாப்பாட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம். பின்வரும் பதில்களிலும் இரண்டும் கலந்தே வரும்.

"விசா எடுக்க வேண்டுமா? பணம், நேரம் எல்லாம் எப்படி?"

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்க வேண்டும். மொரிஷியஸ் ரூபாய் இந்திய மதிப்பில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நேரம் இந்தியாவைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. பணத்தை மாற்றியதும் நோட்டுகளைச் சற்று நேரம் பாருங்கள்: மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். நூறு ரூபாய் நோட்டில் உள்ள முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ் வம்சாவளி அரசியல் தலைவருடையது.

"மருந்து, இட்லிப் பொடி, கறிவேப்பிலை எல்லாம் எடுத்து வரலாமா, அக்கா?"

மருந்துக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம் வேண்டும். தூக்க மாத்திரைகள், சில வலி நிவாரணிகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள் ஆகியவற்றில் இந்நாட்டு அதிகாரிகள் மிகக் கண்டிப்பானவர்கள். பசுந்தழை, விதை, பழம் ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது; கறிவேப்பிலை இங்கே தாராளமாகவே கிடைக்கும்.

"எந்த மாதம் வந்தால் நல்லது?"

இது தென்கோளம், ஆகவே நம் பருவங்கள் இங்கே தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை குளிர்ச்சி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் ஈரமும் மழையும்; புயல் காலமும் அதுவே. நடந்து திரிந்து பழைய இடங்களைப் பார்க்க விரும்புவோருக்கு மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களையே நான் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் கீழைக் கரையில் காற்று பலமாக வீசும். அப்போது வந்தால் மேற்குக் கரையில் தங்குவது நலம். கல்யாண நாள் தை மாதத்தில் வருபவர்களுக்குத் தனியாகப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

"எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்குவது?"

தீவின் நீளம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர். அதனால் எங்கே தங்கினாலும் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஏழு இரவு போதும். மூன்று இரவைக் கடற்கரையிலும் மீதியை ரோஸ் ஹில், காத்ர் போர்ன் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் கழிப்பதே என் யோசனை. தலைநகர் போர்ட் லூயியிலிருந்து இந்த ஊர்கள் வழியாகக் க்யூர்பிப் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. வாடகைக் கார் ஓட்ட நினைத்தால், இங்கும் இடப்பக்கம்தான். டாக்சி என்றால் ஏறுவதற்கு முன்பே முழு நாளுக்கான தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

முழு வாரமும் கடற்கரை விடுதியிலேயே, மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மொரிஷியஸ் உணவைச் சாப்பிடவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

"அங்கே தமிழில் பேசினால் புரியுமா?"

பெரும்பாலும் புரியாது. வீட்டிலும் தெருவிலும் பேசுவது க்ரியோல், செய்தித்தாள் பிரெஞ்சு, அரசாங்கம் ஆங்கிலம். ஆங்கிலம் எல்லா இடத்திலும் போதும். தமிழ் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. கோயிலில் தேவாரமும் திருப்புகழும் பாடப்படுகின்றன. என் மாமியார் க்ரியோல் தவிர வேறு மொழியில் உரையாடியதில்லை. ஆயினும் விளக்கேற்றும்போது அவர் பாடிய பதிகத்தில் ஒரு சொல்கூடத் தவறியதில்லை.

ஒன்றைக் கனிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை, செட்டி, முத்துசாமி, வீராசாமி என்ற குடும்பப் பெயருடன் ஒருவரைச் சந்தித்ததும் "தமிழராயிருந்தும் தமிழ் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். ஐந்து, ஆறு தலைமுறைகளாகக் கரும்புத் தோட்டத்திலும் பட்டறையிலும் உழைத்துக்கொண்டே கோயிலையும் காவடியையும் காப்பாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தக் கேள்வி அவர்களை எவ்வளவு புண்படுத்துகிறது என்பதை என் கணவரின் முகத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். "உங்கள் வீட்டில் ரசத்தை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ரசோன்" என்று பதில் வரும். பேச்சு தானே வளரும்.

"நாங்கள் சுத்த சைவம். ஒரு வாரமும் ரொட்டியும் பழமும்தானா?"

நிச்சயமாக இல்லை. இந்நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்துக்கள். விரத நாட்கள் நிறைய. விரதம் இருப்பதற்கு இங்கே "கரேம்" என்று பெயர். "மோ பே ஃபேர் கரேம்", அதாவது "நான் விரதம் இருக்கிறேன்" என்று சொன்னால் தெருக்கடைக்காரர்கூட உடனே புரிந்துகொள்வார். விடுதிகளில் மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "மோ பா மான்ஸ் லவியான், பா மான்ஸ் புவாசோன், பா மான்ஸ் திசெஃப்", இறைச்சி, மீன், முட்டை மூன்றும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். மீனைத் தனியாகச் சொல்லாவிட்டால் சிலர் அதைச் சைவத்தில் சேர்த்துவிடுவார்கள்.

காலையில் "காத்தோ பிமான்" கேளுங்கள். பெயர் பிரெஞ்சு, பொருள் நம் பருப்பு வடையேதான். ஊறிய பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயத் தாளும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சேர்த்து, சிறு உருண்டைகளாகப் பொரிப்பார்கள். வெண்ணெய் தடவிய சூடான ரொட்டிக்குள் நான்கைந்தை வைத்து அமுக்கித் தருவது இங்குள்ள வழக்கம். பிரெஞ்சு ரொட்டியும் தமிழ் வடையும் இப்படி ஒன்றாகும் என்று ஊரில் இருந்தபோது நான் நினைத்ததில்லை. இன்று எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அதில்தான் தொடங்குகிறது. இனிப்புக்குப் "புத்து" இருக்கிறது. நம் புட்டின் உறவு. வெயிலில் அலைந்தபின் அலூதா குடியுங்கள்: குளிர்ந்த பாலில் சப்ஜா விதையும் கடற்பாசியும் சேர்ந்தது. அன்னாசிப்பழத்தைச் சீவி உப்பும் மிளகாயும் புளியும் தடவித் தருவதையும் விட்டுவிடாதீர்கள்.

"தால் பூரி, தால் பூரி என்கிறீர்களே, அது நம் பருப்புப் போளிதானா?"

பார்வைக்கு அப்படித் தோன்றும். ஆனால் இனிப்பு இல்லை, பிறப்பும் வேறு. போஜ்புரி பேசும் பீகார்ப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்களின் பலகாரம் அது. வேகவைத்த பருப்பைப் பொடித்து, சீரகமும் மஞ்சளும் சேர்த்து, மெல்லிய மாவுக்குள் பரப்பி, கல்லில் சுடுவார்கள். உள்ளே அவரை இனத்துப் பெரிய பயற்றுக் குழம்பு, "ருகாய்" எனப்படும் தக்காளித் தொக்கு, ஊறுகாய், பச்சைச் சட்னி ஆகியவற்றை வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பொதுவாக முழுச் சைவம்.

அதை இரண்டிரண்டாகத்தான் விற்பார்கள். க்ரியோலில் "ஒரு ஜோடி" என்பதற்கு "என் பேர்" என்று சொல்ல வேண்டும். நம் காதில் அது ஒருவர் தம் பெயரைச் சொல்லத் தொடங்குவதுபோல விழும். கல்யாண நாளுக்கு வந்த ஒரு தம்பதி கடைவாசலில் அந்த ஜோடியை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, எந்த விடுதியின் மெழுகுவத்தி விருந்தும் அதற்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றியது. நண்பகலுக்குள் போய்விடுங்கள், நல்ல கடைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

"என் வீட்டுக்காரர் மீன் இல்லாமல் சாப்பிடமாட்டார். அவருக்கு?"

அவருக்கு முதலில் மீன் "விந்தாய்". பொரித்த மீனைக் கடுகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம், வினிகர் சேர்த்து ஊறவைப்பது. மறுநாள்தான் சுவை கூடும், சூடாக்காமலே சாப்பிடுவார்கள். அடுத்து, உப்புக் கருவாட்டு ருகாய். இந்தத் தக்காளித் தொக்கில் தைம் என்னும் மூலிகை விழுவதால் நம் நாக்குக்கு முதல் வாயில் அந்நியமாக இருக்கும். மூன்றாம் வாயில் பழகிவிடும். கடலோரக் கடைகளில் "காரி உரித்" என்ற பெயரில் பேய்க்கணவாய்க் கறி கிடைக்கும். சீனர்களின் பங்கு "மின் ஃப்ரி" என்ற வறுத்த நூடுல்ஸும் "புலெத்" என்ற ஆவியில் வேகும் உருண்டைகளும். சௌசௌவில் செய்யும் உருண்டை எனக்கு மிகப் பிடிக்கும். அந்தக் காய்க்கு இங்கே "ஷுஷு" என்று பெயர்.

காரம் குறைவு என்று குறைப்படாமல், தனியாக வைக்கும் மிளகாய் விழுதைக் கேட்டு வாங்குங்கள். "மசாவாரு" என்றால் தருவார்கள். சிறிதளவு போதும்.

"ஏழு கறி விருந்து என்று ஒன்று உண்டாமே, எந்த உணவகத்தில் கிடைக்கும்?"

"செத் காரி" என்ற அந்தச் சாப்பாடு உணவகத்துக்கு உரியதன்று. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியது. வாழையிலையில் சோறு, அதைச் சுற்றிப் பூசணி, பலாக்காய், வாழைக்காய் முதலியவற்றில் ஏழு வகைக் காய்கறி, ரசோன், அப்பளம், பாயசம் என்று பரிமாறுவார்கள். மற்ற சமூகத்தாரும் ஆவலோடு காத்திருந்து சாப்பிடும் விருந்து இது. எங்கள் பத்தாவது கல்யாண நாளன்று, விளம்பரத்தை நம்பி ஒரு விடுதியில் முன்பதிவு செய்து போனோம். உலோகத் தட்டில் மூன்று குழம்புகள் வந்தன, இலையும் இல்லை. அன்றிலிருந்து விருந்தாளிகளுக்கு நான் சொல்வது ஒன்றே: கோயில் திருவிழா நாளில் வாருங்கள், வரிசையில் உட்காருங்கள். அன்னதானத்துக்கு யாரும் உங்களை யாரென்று கேட்கமாட்டார்கள்.

"ஆப்ரவாசி காட்டில் சில கற்படிகள்தான் இருக்கின்றன என்கிறார்கள். அதற்காக ஒரு காலைப் பொழுதா?"

ஆம், ஒரு காலைப் பொழுது முழுவதும். "காட்" என்றால் இங்கே காடன்று, படித்துறை; ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்திறங்கிய குடியேற்ற நிலையம் அது. அடிமை முறையை ஒழித்த பிரிட்டன், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவரும் ஏற்பாட்டைத் தொடங்கிச் சோதித்த முதல் இடம் இந்தத் தீவு. 1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்து இறங்கினார்கள். அந்த நாள் இன்றும் பொது விடுமுறை. 1849-இல் போர்ட் லூயித் துறைமுகத்தில் இந்தக் குடியேற்ற நிலையம் கட்டப்பட்டது. 1834-க்கும் 1920-க்கும் இடையே ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் இந்தத் தீவில் வந்திறங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர்களே மிகுதி; மதராசிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்களும் பலர். நிலையத்தின் பெரும்பகுதி இன்று இல்லை. மருத்துவப் பகுதியின் சுவர்கள், சமையலறையின் எச்சங்கள், கரையிலிருந்து ஏறும் கருங்கற்படிகள் ஆகியவை எஞ்சியிருக்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முதலில் பக்கத்திலுள்ள விளக்க மையத்துக்குப் போங்கள். அங்கே படங்களையும் ஆவணங்களையும் பார்த்துவிட்டுப் பிறகு படிகளுக்கு வந்தால், வெறும் கல்லாகத் தெரியாது. ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுத்தர் ஒருவரிடம் சொல்லி, ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு உள்ளே போன கணவன் மனைவியரும் அதே படிகளில்தான் ஏறினார்கள். கல்யாண நாளுக்கு வந்த தம்பதியர் பலரை நான் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். திரும்பி வரும்போது பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள். வார நாட்களின் காலைவேளை ஏற்றது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

ஒரு திருத்தம்: தமிழர்கள் எல்லோருமே இந்தப் படிகள் வழியாக வந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே துறைமுகத்தைக் கட்டிய காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கல்தச்சர்களும் தச்சர்களும் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் வந்தது ஒப்பந்தக் கூலி முறைக்கு நூறு ஆண்டு முந்தி.

"போர்ட் லூயியில் அதே நாளில் வேறு என்ன பார்க்கலாம்?"

மத்தியச் சந்தை நடக்கும் தூரம். முதல் பதிலில் சொன்ன கீரைப் பெயர்களைக் காதால் கேட்க அங்கே போங்கள், அலூதாவும் அங்கேயே. கோதான் துறைமுகப் பகுதியில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரு தபால்தலைகள் உள்ளன. ஒளி பட்டு மங்காமல் இருக்க, அசல் தலைகளுக்குச் சிறிது நேரமே விளக்கேற்றுவார்கள். நுழையும்போதே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ பறவையின் எலும்புக்கூடு இருக்கிறது. மாலையில் அடிலெய்டு கோட்டைக்கு ஏறினால், துறைமுகமும் 1812-இல் தொடங்கிய ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலும் ஒருசேரத் தெரியும்.

"எங்களுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். லெ மோர்ன் மலை ஏற முடியுமா?"

உச்சி 556 மீட்டர். பாதி வழி வரை பாதை எளிது. பழகிய நடை உள்ளவர்கள் போகலாம். அதற்கு மேல் பாறையைக் கையால் பற்றி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். விடியற்காலையில் தொடங்கி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும்.

ஏறாவிட்டாலும் அடிவாரத்துக்குப் போகத்தான் வேண்டும். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1835 பிப்ரவரி 1 அன்று இந்தத் தீவில் அடிமை முறை முடிவுக்கு வந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, மேலிருந்தவர்கள் குதித்து உயிர்விட்டார்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் கதை. ஆப்ரவாசி காட்டின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இவர்கள் விட்ட இடத்தில்தான் நம்மவர்கள் வெட்டுக்கத்தியை எடுத்தார்கள். ஆகவே இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துப் போவது நியாயமாகாது.

"கல்யாண நாளன்று காலையில் எந்தக் கோயிலுக்குப் போகலாம்?"

போர்ட் லூயியின் ஓரத்தில், கைலாசம் என்பதிலிருந்து வந்த "கைலாசோன்" என்ற பெயரால் வழங்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போகச் சொல்வேன். மதுரையில் திருக்கல்யாணம் காணும் இருவரும் இங்கே கரும்புத் தீவில் சேர்ந்திருக்கிறார்கள். கல்யாண நாளுக்கு வேறென்ன வேண்டும்? கிருத்திகை, சஷ்டி என்றால் காத்ர் போர்னில் கொர்-த-கார்ட் மலைச் சரிவிலுள்ள முருகன் கோவில். ஊரும் கரும்புத் தோட்டமும் கடலும் கீழே விரிந்து கிடக்கும்.

கிராந் பாசேன் என்னும் கங்கா தலாவோ ஏரியில் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை நிற்கிறது. மலை மேல் என்பதால் மழையும் மூடுபனியும் திடீரென வரும். மெல்லிய போர்வை ஒன்று கையில் இருக்கட்டும்.

"எங்கள் கல்யாண நாள் தை மாதம். தைப்பூசக் காவடியைப் பார்க்க ஆசை. ஆனால் புயல் காலம் என்கிறீர்கள். வரலாமா, வேண்டாமா?"

வாருங்கள். தைப்பூசக் காவடி இங்கே நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, பூவும் தென்னங்குருத்தும் கட்டிய காவடியைத் தாமே செய்து, அலகு குத்தி, சுடும் தார்ச்சாலையில் நடந்து வருவார்கள்; கோயிலை அடையும்போது காவடியில் இருக்கும் பால் திரியாமல் இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. காவடி முடிந்ததும் மேலே சொன்ன ஏழு கறி விருந்து. இந்த ஒரு நாளுக்காக வெயிலையும் மழையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

புயலுக்கு இங்கே நான்கு படி எச்சரிக்கை உண்டு. முதலிரண்டில் முன்னேற்பாடு, மூன்றாம் படி வந்ததும் வெளியே போகக் கூடாது, நான்காம் படியில் புயல் காற்றே வந்துவிட்டது என்று பொருள். விடுதிகள் இதற்குப் பழகியவை. திருவிழாவுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கூடுதலாக வைத்து, தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டை வாங்குங்கள்.

"எனக்குப் பழைய இடங்கள் பார்க்க வேண்டும், அவளுக்குக் கடலும் தோட்டமும் போதும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவரும் ஒன்றாகப் போகக்கூடிய இடங்களில் பாதி நாட்களைச் செலவிடுங்கள். பம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம் அத்தகையது. ஆள் அமரலாம் போன்ற பெரிய அல்லி இலைகள் மிதக்கும் குளத்தருகே அவர் உட்காரட்டும். பியேர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர்களின் கட்டுக்காவலை மீறிக் கொண்டுவந்த கிராம்பும் சாதிக்காயும் வளர்ந்த மண் அது என்று நீங்கள் சொல்லலாம். வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் தாளிப்பனையும் அங்கே உண்டு. ஏடு எழுதிய ஓலையைத் தந்த மர இனம்.

விமான நிலையம் தென்கிழக்கில், மாஹேபூருக்கு அருகில் இருப்பதால், கிளம்பும் நாளை அந்தப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1598-இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கிய விரிகுடாவும், 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரைத் தோற்கடித்த கடலும் ஒன்றே. காயமடைந்த இரு தரப்புத் தளபதிகளுக்கும் ஒரே வீட்டில் மருத்துவம் நடந்தது. அந்த வீடுதான் இன்றைய தேசிய வரலாற்று அருங்காட்சியகம். அவ்வாண்டின் இறுதியிலேயே மதராஸ் படைகளும் சேர்ந்த பெருஞ்சேனையுடன் வந்து ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றிவிட்டார்கள். திங்கட்கிழமையானால் மாஹேபூர்ச் சந்தை அவருக்கு. குளிப்பதற்கு மட்டும் தென்முனையிலுள்ள கிரி கிரிக் கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே பவளப் பாறை அரண் இல்லை, அலை இழுத்துவிடும்.

"எங்கள் பூட்டனாரின் தம்பி மொரிஷியஸுக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். வரும்போது அவர் வம்சத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, அத்தை?"

முடியக்கூடும், ஆனால் வந்த பிறகு தேடத் தொடங்கினால் நாள் போதாது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவேடுகள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன: பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், கப்பல், வந்த தேதி, அவருக்கு இட்ட எண். 1860-களுக்குப் பின் வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. முன்கூட்டியே எழுதி, எந்த நாளில் வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லபூர்தொனே காலத்துக் கைவினைஞர்களோடு வந்தவர் என்றால் இந்தப் பதிவேடுகளில் இருக்கமாட்டார்.

புறப்படுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர் பெயரையும் ஊரையும் அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, தமிழ் அறியாத எழுத்தர் அதைக் காதால் கேட்டு எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். முருகன் இங்கே "மூர்கென்" ஆனார், சுப்பிரமணியன் "சூப்ரமானியென்" ஆனார். ஊர்ப் பெயர் பல நேரம் மாவட்டமாகவோ வட்டமாகவோ மட்டும் பதிவாகியிருக்கும். அதனால் ஊரைச் சுற்றியுள்ள பெரிய ஊர்களின் பெயர்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மோகாவுக்குப் போகும் நாளில், வேறு எதையும் திட்டமிட வேண்டாம்.